ரயில் பெட்டியில் வந்த கேள்விகள்

2025 அக்டோபர் 30ஆம் தேதி இரவு, நவி மும்பையில் நடந்த பெண்கள் உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியா குவித்த 338 ரன்களை இந்தியா எட்டிப் பிடித்துத் தாண்டியது. 127 ரன்களுடன் கடைசிவரை ஆட்டமிழக்காமல் நின்ற ஜெமிமா ரோட்ரிக்ஸ், ஆட்டம் முடிந்ததும் அழுதுகொண்டே முதலில் இயேசுவுக்கு நன்றி சொன்னார்; தன்னால் தனியாக இதைச் செய்திருக்க முடியாது என்றார். மறுநாள் காலை தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் எங்கள் கூட்டத்துக்கு வேறு பேச்சே இல்லை.

கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகும் வங்கி ஊழியர் ஒருவர். கடவுள் நம்பிக்கை இல்லாத, பெரியாரைப் படித்து வளர்ந்த கல்லூரிப் பேராசிரியை ஒருவர். பல்லாவரத்தில் ஏறும், மருந்துக் கடையில் வேலை பார்க்கும் இஸ்லாமியத் தோழி. மென்பொருள் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் சின்னப் பெண். மாம்பலத்தில் இறங்கிப் பூ விற்கும் அக்கா. பிறகு நான், கிறிஸ்தவள்; கிண்டியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. பல ஆண்டுகளாக ஒரே பெட்டி, ஒரே கதவு ஓரம்.

அன்று பேராசிரியை நேராக என்னிடம் கேட்டார். "ஆஸ்திரேலிய அணியிலும் யாராவது ஜெபித்திருப்பார்கள். அவர்களுக்கு உங்கள் கடவுள் என்ன பதில் சொல்வார்?"

நல்ல கேள்வி. விசுவாசிகள் பலர் இந்தக் கேள்வியைக் கேட்டதும் முகம் சுருங்குவார்கள். எனக்கோ இப்படிக் கேட்பவர்களிடம் தனி மரியாதை உண்டு. நான் சொன்னேன்: "கடவுள் எந்த அணிக்காகவும் ஆடுகிறவர் என்று நான் நம்பவில்லை. அந்தப் பெண்ணும் அப்படிச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் சொன்னதை முழுதாகக் கேட்டுப் பாருங்கள்." பிறகு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் அவரை அணியிலிருந்து விலக்கியிருந்தார்கள். தொடரின்போது ஏறக்குறைய தினமும் அழுதிருக்கிறார், மனப்பதற்றத்தால் அவதிப்பட்டிருக்கிறார். சக வீராங்கனை அருந்ததி ரெட்டி முன்னால் உட்கார்ந்து அழுததையும், ஸ்மிருதி மந்தனா ஒன்றும் பேசாமல் பக்கத்தில் வந்து நின்றதையும் அவரே வெளிப்படையாகச் சொன்னார். மூன்றாவது இடத்தில் இறங்கவேண்டும் என்பதே களத்துக்குப் போகச் சற்று முன்புதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் உடம்பு ஓய்ந்துபோனபோது, அசையாமல் நில், கடவுள் உனக்காகப் போரிடுவார் என்ற வேத வசனத்தைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வசனம் யாத்திராகமம் 14ஆம் அதிகாரத்தில் வருகிறது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த ஜனங்கள். முன்னால் கடல், பின்னால் பார்வோனின் ரதங்கள். போகவும் வழியில்லை, திரும்பவும் வழியில்லை. அப்படி நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் மோசே சொன்ன வார்த்தை அது என்று விளக்கினேன். அவ்வளவுதான். ரயில் பரங்கிமலையைத் தாண்டிவிட்டது.

அதுவரை கைபேசியில் தலைகுனிந்திருந்த சின்னப் பெண் நிமிர்ந்து, "எனக்கும் அந்தப் பதற்றம் வருகிறது அக்கா. காலையில் அலுவலகத்துக்குக் கிளம்பும்போதே நெஞ்சு அடைக்கிறது" என்றாள்.

இந்த இடத்தில்தான் நம்மில் பலரும் அவசரப்பட்டுவிடுகிறோம். ஒருவர் தன் காயத்தைக் காட்டியதும் உடனே ஒரு வசனத்தைச் சொல்லி, ஒரு ஜெபத்தைச் செய்து, ஒரு கூட்டத்துக்கு அழைத்துவிடத் துடிக்கிறோம். நான் கேட்டது ஒன்றுதான்: "எவ்வளவு நாளாக இப்படி இருக்கிறது?" அவள் பேசினாள். நாங்கள் கேட்டோம். மருந்துக் கடைத் தோழி, மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதை எடுத்துச் சொன்னார். அதை நான் முழு மனதோடு ஆமோதித்தேன். ஜெபமும் வேண்டும், மருத்துவரும் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதன் பிறகு ஒரு நாள் அவளாகவே, "அந்த வசனம் எங்கே இருக்கிறது என்று சொன்னீர்கள்?" என்று கேட்டாள். எழுதிக் கொடுத்தேன்.

ஊரே பேசிக்கொண்டிருக்கும் ஒரு செய்தி இப்படித்தான் கதவைத் திறக்கிறது. அந்தக் கதவு வழியாக மனிதர்கள் தங்கள் சொந்தப் பாரத்தோடு வருகிறார்கள். அவர்களை வரவிடுவதுதான் முதல் வேலை.

நான் தூத்துக்குடி மாவட்டத்துச் சாயர்புரத்துப் பக்கத்துக்காரி. தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவள். ஊழியம் என்றால் கைப்பிரதி, சைக்கிள், மைக், தெருமுனைப் பிரசங்கம் என்றுதான் சிறுவயதில் பார்த்தேன். வெயிலில் நடந்து போய் அதைச் செய்த பெரியவர்கள்மேல் எனக்கு இன்றும் மதிப்பு உண்டு. ஆனால் தினமும் அதே முகங்களோடு பயணம் செய்கிறவளுக்கு வேறு ஒரு பொறுப்பு இருக்கிறது. இன்று நான் சொல்லும் வார்த்தையை நாளை அவர்கள் என் நடத்தையில் சரிபார்ப்பார்கள். இருக்கைக்காக நான் சண்டை போடுகிறேனா, இல்லாத ஒருவரைப் பற்றிப் புறம் பேசுகிறேனா, கைமாற்றாக வாங்கிய பணத்தைச் சொன்ன நாளில் தருகிறேனா என்று பார்ப்பார்கள். கைப்பிரதியைக் கொடுத்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடலாம். ரயில் சிநேகத்தில் அது நடக்காது. அதுதான் அதன் பலமும்.

எங்கள் ஊரின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. கம்பனின் நடையில் கிறிஸ்துவைப் பாடிய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1827இல் நெல்லைக்கு அருகே கரையிருப்பில் பிறந்த வைணவர். சாயர்புரத்தில் கிறிஸ்தவக் கல்விக்கூடத்துத் தமிழாசிரியராக வேலைக்கு வந்தார். 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். அதற்கு வழிகோலியவர்களில் முக்கியமானவர்கள், அவருக்கு முன்பே கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டிருந்த நண்பர்களும் சொந்தத் தம்பியும். தமிழும் பக்தி இலக்கியமும் தெரிந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட பேச்சு அது. அவர் கம்பனை விட்டுவிட்டு வரவில்லை. கம்பனைக் கையோடு கொண்டுவந்தார். அதனால்தான் அவருடைய பாட்டு இன்றும் தமிழ்ப் பாட்டாகவே ஒலிக்கிறது.

மே மாதம் பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த மறுநாள் நடந்த பேச்சை நான் மறக்கவே மாட்டேன்.

வங்கித் தோழியின் மகள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக மதிப்பெண் எடுத்திருந்தாள். அக்காள் மகள், பக்கத்து வீட்டுப் பையன், அலுவலகத்து மேலாளரின் மகன் என்று எல்லாருடைய மதிப்பெண்ணும் தோழிக்கு மனப்பாடமாக இருந்தது. "வீட்டில் யாரும் அவளோடு பேசவில்லை" என்றார். சொல்லும்போது குரல் கம்மிவிட்டது. எல்லாரும் வழக்கமான ஆறுதல்களைச் சொன்னார்கள். மறுகூட்டல் கேட்கலாம், கலை அறிவியல் கல்லூரியில் நல்ல பாடங்கள் இருக்கின்றன என்றார்கள். நான் கொஞ்ச நேரம் பொறுத்து, "இயேசு ஒரு கதை சொன்னார். எனக்கே வெகுநாள் பிடிக்காமல் இருந்த கதை. சொல்லட்டுமா?" என்று கேட்டேன். சொல்லச் சொன்னார்கள்.

மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் வரும் திராட்சத்தோட்டக் கதை. தோட்டக்காரர் விடியற்காலையில் போய் ஒரு நாள் கூலி பேசி ஆட்களை அழைத்து வருகிறார். பிறகு காலை ஒன்பது மணிக்கு, நண்பகலில், பிற்பகல் மூன்று மணிக்கு மறுபடியும் போகிறார். கடைசியாகப் பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போதும் சந்தைவெளியில் ஆட்கள் நிற்கிறார்கள். "ஏன் நாள் முழுவதும் சும்மா நிற்கிறீர்கள்?" "எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை." அவர்களையும் அனுப்புகிறார். மாலையில் கூலி கொடுக்கும்போது கடைசியில் வந்தவர்களுக்கும் முழு நாள் கூலி; வெயிலில் பாடுபட்டவர்களுக்கும் அதே கூலி.

"இது அநியாயம்" என்றார் வங்கித் தோழி உடனே. பேராசிரியையும் சேர்ந்துகொண்டார். "உழைப்புக்கு ஏற்ற கூலி இல்லையென்றால் தொழிலாளிக்கு என்ன பாதுகாப்பு?" இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கதையிலேயே முதலில் வந்தவர்கள் அப்படித்தான் முறுமுறுக்கிறார்கள்.

பூக்கார அக்கா அதுவரை தலை நிமிரவில்லை. மடியில் ஈரத்துணி, அதன்மேல் மல்லிகை மொக்குகள். இரண்டு மொக்கு இப்பக்கம், இரண்டு அப்பக்கம் வைத்து, வாழை நாரை ஒரு சுழற்றுச் சுழற்றி இழுப்பார். கண் வேறெங்கோ இருந்தாலும் விரல் தவறாது. கையை நிறுத்தாமலே சொன்னார்: "சாயங்காலம் கூப்பிடப்பட்டவன் வீட்டிலும் அதே அளவு அரிசிதானே வேண்டும்?"

பெட்டி அமைதியானது. அக்கா தொடர்ந்தார். அவர் கணவர் கட்டட வேலைக்குப் போனவர். காலையில் ஆள் எடுக்கும் இடத்தில் நின்று, யாரும் கூப்பிடாமல் பத்து மணிக்கு வெறுங்கையோடு வீடு திரும்பிய நாட்களைப் பற்றிச் சொன்னார். "நின்றுகொண்டே இருப்பது இருக்கிறதே, அது வேலை செய்வதைவிடக் கஷ்டம். அந்த முதலாளி அதைத் தெரிந்தவர்" என்றார்.

இந்த வசனத்தின்மீது நான் கேட்ட எந்தப் பிரசங்கமும் இதற்கு ஈடாகாது. தகுதி பார்க்காமல் கடவுள் காட்டும் தயவை, கிருபை என்று சபையில் நாங்கள் சொல்வதை, வேத பாடம் படித்திராத ஒரு பெண் தன் வீட்டு அரிசிப் பானையிலிருந்து எடுத்துக் காட்டினார். வங்கித் தோழி ஒன்றும் பேசவில்லை. இறங்குவதற்கு முன் என்னிடம், "இன்று மாலை மகளை வெளியே அழைத்துப் போகிறேன்" என்றார்.

அதிலிருந்து ஒரு பழக்கத்தை உறுதியாக வைத்திருக்கிறேன். கதையைச் சொன்ன பிறகு அதன் பொருளை நான் சொல்வதில்லை. கேட்டவர்கள் என்ன கண்டார்கள் என்று கேட்கிறேன். இயேசுவும் பல இடங்களில் கதையைச் சொல்லிவிட்டு, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். நம் விளக்கத்தைவிட அவருடைய கதைக்குச் சக்தி அதிகம் என்று நம்ப வேண்டும்.

திரைப்படங்களும் அப்படித்தான். நம் படங்களில் பழிவாங்கும் கதைக்கு என்றும் வரவேற்பு உண்டு. ரயிலில் படத்தைப் பற்றிப் பேச்சு வரும்போது நான் இரண்டு நியமங்களைக் கடைப்பிடிக்கிறேன். பார்க்காத படத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வதில்லை. படம் பார்த்தவர் எந்தக் காட்சியில் கலங்கினார் என்பதை முதலில் கேட்கிறேன். 'அதில் வன்முறை அதிகம், விசுவாசிகள் பார்க்கக் கூடாது' என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்தது. அநீதி இழைக்கப்பட்டவன் திருப்பி அடிக்கும்போது அரங்கமே கைதட்டுகிறதே, அந்தக் கைதட்டலில் நீதிக்கான தாகம் இருக்கிறது. வேதத்தின் சங்கீதங்களைப் பாடியவர்களும் அதே தாகத்தோடு கதறினார்கள். அதை மட்டம் தட்டுவது தவறு.

அப்படி ஒரு பேச்சில்தான் சின்னப் பெண், "உங்கள் மதத்தில் எல்லாரையும் மன்னிக்க வேண்டும் என்கிறீர்கள். நிஜத்தில் யாராவது செய்திருக்கிறார்களா?" என்றாள். கிளாடிஸ் ஸ்டெயின்ஸைப் பற்றிச் சொன்னேன். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூர் கிராமத்தில், வண்டிக்குள் உறங்கிக்கொண்டிருந்த அவருடைய கணவர் கிரகாமையும் மகன்கள் பிலிப், தீமோத்தி இருவரையும் ஒரு கும்பல் எரித்துக் கொன்றது. மூத்தவனுக்கு 10 வயது, இளையவனுக்கு 6. கொன்றவர்களை மன்னித்துவிட்டதாக கிளாடிஸ் அறிவித்தார். உடனே தன் சொந்த நாடான ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிவிடவும் இல்லை. மகள் எஸ்தரோடு ஒடிசாவின் பாரிபதாவிலேயே தங்கி, கணவர் நடத்திவந்த தொழுநோயாளர் இல்லத்தை 2004வரை பார்த்துக்கொண்டார். 2005இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது.

அவள் பிறந்து சில ஆண்டுகளே இருக்கும் காலத்துச் செய்தி, அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. பேராசிரியைக்குத் தெரிந்திருந்தது. "மன்னிப்பு என்ற பெயரில் குற்றவாளி தப்பிவிடக் கூடாது" என்றார் அழுத்தமாக. தப்பவில்லை என்பதையும் சொன்னேன். வழக்கு நடந்தது, முக்கியக் குற்றவாளிக்கு முதலில் மரண தண்டனை, பிறகு உயர் நீதிமன்றத்தில் ஆயுள் தண்டனை, 2011இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கிளாடிஸ் மன்னித்ததும் சட்டம் தன் வழியில் போனதும் ஒன்றையொன்று தடுக்கவில்லை. ஒரு பெண்ணை, அடித்த கணவனிடமே 'மன்னித்துவிட்டுப் போய் வாழு' என்று அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று நான் சேர்த்துக்கொண்டேன். சபையிலும் அப்படி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வேதனை.

சபையின் குறைகளைப் பற்றிக் கேள்வி வரும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சாதியைப் பேசும் தமிழ்ப் படங்கள் தொடர்ந்து வருகின்றன. அப்படி ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வந்த அன்று பேராசிரியை, "உங்கள் சபையில் சாதி இல்லையா?" என்று கேட்டார்.

"இருக்கிறது" என்றேன்.

இதற்கு வேறு பதில் கிடையாது. மணமகள் தேவை விளம்பரத்தில் சாதியைப் போடுகிறோம். திருமண்டலத் (மறைமாவட்டத்) தேர்தலில் சாதி பார்த்து வாக்களிக்கிறோம். சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூடப் பிரிவினை. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை அடியோடு விட்டுவிட வேண்டும் என்று கட்டளையிட்டபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சாதியை விடாமல் சபையை விட்டார்கள். கிறிஸ்துவுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை என்று பவுல் எழுதியதை ஞாயிறுதோறும் வாசிக்கிற நாங்கள்தான் இப்படி இருக்கிறோம் என்று சொன்னேன். அதே வசனத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இதை எதிர்த்து நிற்கிறவர்களும் சபைக்குள்ளே இருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். பேராசிரியை நெடுநேரம் என்னைப் பார்த்துவிட்டு, "மறுப்பீர்கள் என்று நினைத்தேன்" என்றார். அன்றைக்குப் பிறகுதான் அவர் என்னிடம் இயேசுவைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார். போதகர் ஒருவர்மீது குற்றச்சாட்டுச் செய்தி வரும்போதும் நான் இப்படியே பேசுகிறேன். பாதிக்கப்பட்டவரின் பக்கம் நிற்கிறேன். 'ஊழியக்காரரைப் பற்றிப் பேசக் கூடாது' என்று நாம் வாயை மூடிக்கொண்டால், நம்முடைய நற்செய்தி யாருக்கும் நல்ல செய்தியாக இருக்காது.

எல்லாப் பேச்சும் இப்படிக் கனிந்து முடிவதில்லை. செயற்கை நுண்ணறிவைப் பற்றி ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தோம். இரவில் தூக்கம் வராதபோது அதனிடம் மனம்விட்டு எழுதுவதாகச் சின்னப் பெண் சொன்னாள். அது கோபித்துக்கொள்ளாது, யாரிடமும் போய்ச் சொல்லாது என்பது அவள் எண்ணம். (அந்தக் கடைசி விஷயத்தில் அவள் கவனமாக இருப்பது நல்லது என்று எல்லாருமே சொன்னோம்.) நான் ஜெபத்தைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பேராசிரியை, "ஜெபமும் அதுதானே? இந்த இயந்திரத்திடமிருந்தாவது பதில் வருகிறது" என்றார்.

என் அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த நாட்களில் நான் செய்த ஜெபங்களை அவர்களுக்குச் சொன்னேன். நான் கேட்ட பதில் வரவில்லை, அப்பா இறந்துபோனார். 'என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்' என்று 22ஆம் சங்கீதம் தொடங்குகிறது. சிலுவையில் இயேசுவே அதைச் சொல்லிக் கதறினார். அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு இடம் கொடுக்கிற, அதைத் தன் வாயாலேயே கேட்ட ஒருவரிடம்தான் நான் பேசுகிறேன் என்றேன். நான் எழுதுவதற்கெல்லாம் தலையாட்டுகிற ஒன்று எனக்குப் போதாது என்றும் சொன்னேன். பேராசிரியை ஏற்றுக்கொள்ளவில்லை. இன்றும் ஏற்கவில்லை. ஆனால் அப்பாவின் நினைவு நாளில் நலம் விசாரிக்கிறவர் அவர்தான்.

விசுவாசத்தைப் பற்றிப் பிறரிடம் பேசுவதில் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். நம் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, மதத்தைப் பின்பற்றவும் அனுசரிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. பரப்பும் உரிமை இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பால் பல கிறிஸ்தவர்கள் மனம் வருந்தினார்கள். எனக்கு அதில் ஒரு தெளிவு கிடைக்கிறது. யாரையும் மாற்றுவது என் வேலை என்று வேதமும் சொல்லவில்லை. என்னிடம் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்கிறார் பேதுரு. அவ்வளவே.

1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இந்த 'பரப்புதல்' பற்றி விவாதம் நடந்தபோது, அதற்கு ஆதரவாகப் பேசியவர்களில் நம் சென்னையைச் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியும் ஒருவர். தான் ஏறத்தாழ 14 ஆண்டுகள் கிறிஸ்தவக் கல்வி நிலையங்களில் படித்ததாகவும், தன்னை மதம் மாற்ற யாரும் முயலவில்லை என்றும் அவர் அங்கே சொன்னார். ஓர் இந்து எழுந்து நமக்காக அப்படிச் சாட்சி சொன்னார் என்றால், அவருக்குப் பாடம் நடத்திய ஆசிரியர்கள் எப்படி நடந்திருப்பார்கள்! என் ரயில் தோழிகளும் என்னைப் பற்றி அப்படிச் சொல்லும்படி நான் நடந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆகவே நடைமுறையில் சிலவற்றை நான் செய்வதே இல்லை. எனக்குக் கீழே வேலை பார்க்கும் இளைஞர்களிடம் நானாக மதம் பேசுவதில்லை. சம்பள உயர்வுக்கு என் கையெழுத்து தேவைப்படுகிறவர் என் பேச்சுக்குச் சுதந்திரமாக மறுப்புச் சொல்ல முடியாது. பண உதவி செய்யும் நாளில் வசனம் சொல்வதில்லை. ரயில் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் வேத வசனம் எழுதிய தினசரி வாக்குத்தத்த அட்டையைப் போடுவதில்லை. இன்னொருவரின் தெய்வத்தைக் கேலி செய்து ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. நம் சபையின் மிகச் சிறந்தவரை அவர்கள் பக்கத்து மிக மோசமானவரோடு ஒப்பிட்டுப் பேசும் பழக்கத்தை அறவே வெறுக்கிறேன். தீபாவளிப் பலகாரத்தை ஆசையாக வாங்கிச் சாப்பிடுகிறேன். ரம்ஜான் கஞ்சிக்கும் முதல் ஆளாகத் தூக்குவாளியை நீட்டுகிறேன். படைத்த பிரசாதம் வாங்குவதில் என் மனச்சாட்சி வேறு. வங்கித் தோழியிடம் அதை ஒரு முறை அன்போடு விளக்கினேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கிறிஸ்துமஸ் கேக்கை நான் கொண்டுவரும்போது, முட்டை சேர்க்காத துண்டை அவருக்கென்று தனியாக எடுத்து வருகிறேன்.

அப்போஸ்தலர் 17இல் பவுல் அத்தேனே பட்டணத்துக்குப் போகிற இடத்தை இந்த வேலைக்கு நான் அடிக்கடி எடுத்துப் படிக்கிறேன். ஊர் நிறைய விக்கிரகங்களைக் கண்டு அவருடைய ஆவி கொதித்தது என்று லூக்கா எழுதுகிறார். ஆனாலும் பேசத் தொடங்கும்போது, "எந்த விஷயத்திலும் நீங்கள் மிகுந்த தேவதாபக்தியுள்ளவர்களென்று காண்கிறேன்" என்கிறார். ஊரைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். பலிபீடத்தில் எழுதியிருந்ததைப் படித்திருக்கிறார். அந்த ஊர் மக்கள் அறிந்த புலவர்களின் வரிகளை நினைவிலிருந்து எடுத்துச் சொல்கிறார். அவர்களுடைய ஏக்கத்திலிருந்து தொடங்கி உயிர்த்தெழுதலில் கொண்டுவந்து முடிக்கிறார். அந்த முடிவை அவர் மழுப்பவில்லை என்பதும் முக்கியம். கலாசாரத்தைப் பற்றிச் சுவையாகப் பேசிவிட்டு, கேள்வி நேராக வரும்போது கிறிஸ்துவின் பெயரைச் சொல்லத் தயங்குவதும் நேர்மையல்ல. முடிவில் சிலர் இகழ்ந்தார்கள், சிலர் இன்னொரு வேளை கேட்போம் என்றார்கள், சிலர் விசுவாசித்தார்கள். பவுலுக்கே அப்படித்தான் என்றால், நம் பேச்சை ஒருவர் பாதியில் விட்டு இறங்கிப் போனதற்காக மனம் தளர வேண்டியதில்லை.

சில சமயம் யாராவது, "ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களோடு வரட்டுமா?" என்று கேட்பார்கள். அதற்கும் தயாராக இருக்க வேண்டும். முதலில் வீட்டில் சொல்லிவிட்டு வரச் சொல்கிறேன். மறைத்து வருவது அவர்களுக்கும் நல்லதல்ல, எனக்கும் நல்லதல்ல. ஆராதனை எவ்வளவு நேரம், எப்போது எழுந்து நிற்பார்கள், எப்போது உட்காருவார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். காணிக்கைப் பை வரும்போது ஒன்றும் போட வேண்டாம் என்றும், நற்கருணைக்கு எல்லாரும் எழுந்து போகும்போது அவர்கள் இருக்கையிலேயே இருக்கலாம், நானும் கூடவே இருப்பேன் என்றும் சொல்கிறேன். புதிதாக வந்தவர்களை எழுந்து நிற்கச் சொல்லும் வழக்கம் எங்கள் சபையில் உண்டு. என் விருந்தினரை அப்படி நிறுத்த வேண்டாம் என்று ஆயரிடம் முந்தின நாளே கேட்டுக்கொள்கிறேன். முடிந்ததும் வெளியே தேநீர் குடித்துக்கொண்டே, எது பிடித்தது, எது விசித்திரமாக இருந்தது என்று கேட்கிறேன். இரண்டையும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்கிறேன். திங்கட்கிழமை ரயிலில் அந்தப் பேச்சை நானாக எடுப்பதில்லை. மற்றவர்கள் முன்னால் அதைச் சொல்வதும் சொல்லாததும் அவர்கள் விருப்பம்.